அடமும் ஒரு மொழியே

முன்னுரை

தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் குழந்தையையே பாட்டுடைத் தலைமையாக வைத்துப் போற்றுவது பிள்ளைத்தமிழ். சமயங்கடந்து புலவர் பலர் இவ்வகையைக் கையாண்டனர். இசுலாமியப் புலவர் பெருமக்களும் பிள்ளைத்தமிழ் நூல்கள் பல பாடித் தந்துள்ளனர். பத்துப் பருவங்களுள் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே உரியது சிற்றில் பருவம். குழந்தையின் பதினேழாம் திங்களுக்கு உரியதாக இதனைப் பொதுவாகக் கூறுவர். சிறுமியர் மணலில் சிறுவீடு கட்டி விளையாடுகின்றனர். தளர்நடையிட்டு வரும் குழந்தை அதனைக் காலால் சிதைக்க முற்படுகிறது. சிறுமியரோ கோல் எடுத்து வரவில்லை. "எம் சிற்றில் சிதையேல்" என்று வேண்டி நிற்கின்றனர்.

இதற்கு முற்பட்ட அம்புலிப் பருவமும் ஈண்டு நினைக்கத்தக்கது. குழந்தையோடு விளையாட நிலவை அழைக்கும் அப்பருவத்தில் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் புலவர்கள் கையாளுவர். அவற்றுள் தண்டத்திற்குரிய அச்சுறுத்தல் எல்லாம் வானத்து நிலவை நோக்கியே எழுகிறது. மடியில் இருக்கும் குழந்தையை நோக்கி அன்று.

இலக்கியத்தில் இங்ஙனம் குழந்தையின் குறும்பைக் கொண்டாடிய நாம், இல்லத்தில் என் செய்கின்றோம்? "முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்னும் பழமொழியை நினைவிற் கொண்டு நால்வகை உபாயங்களுள் இறுதியானதை முதலில் எடுத்துக் கொள்கின்றோம். முருங்கையை ஒடித்தால் அது பக்கக்கிளை விட்டுத் தழைக்கும் என்பது தோட்டத்து உண்மை. குழந்தைக்கும் அது பொருந்துமா என்பதே நம்முன் உள்ள வினா.

குழந்தையின் அடம், அலறல், அடித்தல், கடித்தல், பொருள்களை வீசுதல், பள்ளி செல்ல மறுத்தல் ஆகியவற்றை நாம் முரண்நடத்தை என்கின்றோம். இவை பெரும்பாலும் சொல்லத் தெரியாத குழந்தை செய்து காட்டும் செய்திகளாம். செய்தியைப் படித்தறியாமல் அதனை அடக்க முற்படுவது, கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்தெறிவதை ஒக்கும். அக்கடிதத்தைப் படிக்கும் முறையை இக்கட்டுரை எடுத்துரைக்க விழைகிறது.

வயதும் இயல்பும்

எல்லா அடமும் பிழையன்று. ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு நடக்கத் தெரிகிறது, விரும்பத் தெரிகிறது, மறுக்கத் தெரிகிறது. ஆனால் விருப்பத்தையும் மறுப்பையும் எடுத்துரைக்கப் போதிய சொற்கள் இல்லை. ஆசைக்கும் சொல்லுக்கும் இடைப்பட்ட அந்த வெளியிலேதான் அடம் பிறக்கிறது. அமெரிக்க உளவியலறிஞர் ஃபுளோரன்ஸ் குட்இனஃப் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூலில், பெற்றோர் எழுதி வைத்த நாட்குறிப்புகளைக் கொண்டு சிறுகுழந்தைகளின் சினத்தை ஆராய்ந்தார். சின வெடிப்புகள் இரண்டாம் வயதில் உச்சத்தை எட்டிப் பின்னர்க் குறைந்து வருவதை அவர் கண்டார். பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவமும் அவ்வயதினதே என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை.

தன்னை அடக்கிக் கொள்ளும் ஆற்றலுக்குரிய மூளையின் முன்பகுதி, ஏனைய பகுதிகளுக்குப் பின்னரே முழுமை பெறுகிறது. இருபது வயதைக் கடந்தும் அதன் வளர்ச்சி தொடர்கிறது. எனவே மூன்று வயதுக் குழந்தையிடம் முப்பது வயதினரின் பொறுமையை எதிர்பார்த்தல் முறையாகாது.

பிறவி இயல்பும் வேறுபடும். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவ இணையர் 1956ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கி 133 குழந்தைகளைப் பச்சிளம் பருவத்திலிருந்தே பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் எதனோடும் எளிதில் இணங்கிப் போவோர். 15 விழுக்காட்டினர் புதியதைக் கண்டால் தயங்கி மெல்ல இணங்குவோர். 10 விழுக்காட்டினர் சிறு மாற்றத்துக்கும் கடுமையாக எதிர்ப்புக் காட்டுவோர். எஞ்சியோர் எவ்வகையிலும் முழுதாக அடங்காதவர். கடும் இயல்புடைய குழந்தை கெட்டுப்போக வேண்டும் என்னும் நியதி இல்லை. அக்குழந்தையின் இயல்புக்கும் சுற்றத்தாரின் எதிர்பார்ப்புக்கும் பொருத்தம் அமைகின்றதா என்பதையே அவ்விருவரும் முதன்மையாகக் கருதினர். "உன் அண்ணன் இப்படியா இருந்தான்?" என்று ஒப்பிட்டுப் பேசும் இல்லங்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

உடல் விடுக்கும் செய்தி

அடத்தின் காரணத்தைத் தேடுவோர் முதலில் நோக்க வேண்டியது உடலை. பசிக்கும் வேளையிலும் உறக்கம் வரும் வேளையிலும் சிறு நோயுற்ற நாள்களிலும் குழந்தையின் சினம் மிகுவதை எந்தத் தாயும் அறிவாள். மாலை வேளையில் திருமண வீட்டில் வீறிட்டு அழும் குழந்தைக்கு ஒழுக்கக் கல்வி தேவையில்லை. ஒரு கவளம் சோறும் அமைதியான ஓர் அறையும் போதும்.

புறத்தே தெரியாத காரணங்களும் உண்டு. செவிப்பறையின் உட்புறம் நீர் தேங்கிக் கேள்வி மங்கிய குழந்தை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்னும் பழி அதற்கு வந்து சேர்கிறது. பல்வலியும் மலச்சிக்கலும் பேசத் தெரியாத குழந்தையைக் கடிக்கவும் கிள்ளவும் செய்யும். இரவில் மூச்சு முட்டிக் குறட்டைவிட்டு உறங்கும் குழந்தை, பகலில் எரிச்சலும் அமைதியின்மையும் கொள்ளும்.

இவ்விடத்தில் நம் பிழையொன்றையும் ஒளியாமல் உரைத்தல் கடன். கல்லூரிப் பணிக்கு வருமுன் நாம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்து வந்தோம். நம் கையில் பிரம்பு இருந்த காலம் அது. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கரும்பலகையில் எழுதியதை எழுதாமல், அடுத்திருப்பவனின் ஏட்டையே எட்டி எட்டிப் பார்ப்பான். கேட்டால் தலைகுனிந்து நிற்பான். மேலும் அதட்டினால் முறைப்பான். முறைப்பைத் திமிர் என்றே கொண்டோம். பல நாள் அடித்தோம். அவ்வாண்டின் பிற்பகுதியில் பள்ளிக்குக் கண் பரிசோதனைக் குழு ஒன்று வந்தது. அச்சிறுவனுக்கு மூன்றாம் வரிசையிலிருந்து கரும்பலகை வெண்புகையாகவே தெரிந்தது என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. கண்ணாடி அணிந்து வந்த முதல் நாள், "ஐயா, உங்கள் எழுத்து இவ்வளவு அழகா?" என்றான். அவன் பழித்துப் பேசியிருந்தால் தாங்கியிருப்போம்; பாராட்டியதைத்தான் இன்றளவும் தாங்க முடியவில்லை. அடித்த ஒவ்வொரு நாளும் அவனிடம் ஒரு முறையேனும், "உனக்கு எழுத்துத் தெரிகிறதா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒரு நடத்தை, பல காரணம்

உடற்குறை ஏதும் இல்லை எனத் தெளிந்த பின்னர், அந்நடத்தையால் குழந்தைக்குக் கிடைப்பது யாது என்று நோக்குதல் வேண்டும். உளவியலார் இதனை நான்காகப் பகுப்பர்.

முதலாவது, கவனம். தாய் விருந்தினரோடு உரையாடும்போது தம்பியைக் கிள்ளும் குழந்தை வேண்டுவது தாயின் முகத்தை. அன்பான முகம் கிடைக்காதாயின் சினந்த முகமேனும் போதும் என்று அது கருதுகிறது. இரண்டாவது, தப்பித்தல். செய்ய இயலாத பணி, அஞ்சும் இடம், பிடிக்காத ஓசை ஆகியவற்றினின்று விலக அடம் உதவுகிறது. மூன்றாவது, பொருள். மிட்டாய், பொம்மை, கைப்பேசி முதலியவற்றைப் பெறுதல். நான்காவது, உடலுணர்வு. ஆடிக் கொண்டே இருத்தல், சட்டைக் கழுத்தைக் கடித்தல் போன்றவை அச்செயல்கள் தரும் உணர்வுக்காகவே நிகழ்வன.

ஒரே நடத்தை இந்நான்கனுள் எதிலிருந்தும் தோன்றலாம் என்பதே நாம் அறிய வேண்டிய நுட்பம். இதனைத் தெளிவுறக் காட்டிய ஆய்வு ஒன்றைச் சுட்டலாம். எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் ஆகிய இருவரும் 1985இல் தம் ஆய்வை வெளியிட்டனர். வளர்ச்சிக் குறைபாடுடைய நான்கு குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். சிலர் பாடம் கடினமானபோது முரண்டினர். சிலர் ஆசிரியரின் கவனம் குறைந்தபோது முரண்டினர். ஆய்வாளர்கள் தண்டனை எதுவும் வகுக்கவில்லை; குழந்தைகளுக்குச் சொற்களைக் கற்பித்தனர். பாடத்தால் இடர்ப்பட்டோர்க்கு "எனக்குப் புரியவில்லை" என்னும் பொருளுடைய தொடரும், கவனம் வேண்டினோர்க்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்னும் பொருளுடைய தொடரும் கற்பிக்கப்பட்டன. உரிய சொல் கிடைத்ததும் முரண்நடத்தை பெரிதும் குறைந்தது. சொற்களை மாற்றிக் கற்பித்தபோது அப்பயன் விளையவில்லை. நோய்க்கேற்ற மருந்து என்பதுபோல், காரணத்திற்கேற்ற சொல்லே பயன் தந்தது. ஆற்ற முடியாததைச் சொல்ல முடிந்தவுடன், செய்து காட்டும் தேவை அகன்றுவிட்டது.

இந்த வேறுபாட்டை அறியாமையால் நாம் இழைக்கும் தவறு பெரிது. பாடத்திலிருந்து தப்பிக்க வகுப்பில் கூச்சலிடும் மாணவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துகின்றோம். நாம் தண்டித்ததாக எண்ணுகின்றோம்; அவனோ விரும்பியதைப் பெற்றுவிடுகின்றான். மறுநாள் கூச்சல் மிகுகிறது.

தப்பித்தலுக்குப் பின்னால் பெருந்துயரும் இருக்கக் கூடும். 1896ஆம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அவன் அறிவுடையவன், விளையாட்டில் தோழர்க்குக் குறைந்தவன் அல்லன், ஆனால் படிக்க மட்டும் இயலவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே அமைந்தால் பள்ளியிலேயே தேர்ந்த மாணவன் அவனாகவே இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. இன்று டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாட்டைப் பற்றிய மிகத் தொடக்கக் கால மருத்துவக் குறிப்புகளுள் இது ஒன்று. எழுத்துகள் கூடி வராத அத்தகைய சிறுவனை எழுப்பி நிறுத்தி உரக்கப் படிக்கச் சொன்னால், அவன்முன் இரு வழிகளே உள. ஒன்று, எல்லோரும் நகைக்கத் திக்கி நிற்றல். மற்றொன்று, அதற்குமுன் ஏதேனும் குறும்பு செய்து வெளியேறுதல். அறிவிலி எனப்படுவதைவிடக் குறும்பன் எனப்படுவது அவனுக்கு மானமாகத் தோன்றுகிறது.

பிரிவு தரும் சினம்

நம் பகுதியில் பல குடும்பங்களுக்கு நேரும் ஒரு சூழலையும் இங்கே பேச வேண்டும். பொருள்வயிற் பிரிவைப் பாலைத்திணையிற் படிக்கும் நாம், அது நம் தெருக்களில் இன்றும் நிகழ்வதை அறிவோம். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் தந்தையர், ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கு ஒரு முறையோ விடுப்பில் வருகின்றனர்.

நாம் நன்கறிந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது இது. மூன்று வயதுக் குழந்தை. "வாப்பா எங்கே?" என்று கேட்டால் கைப்பேசியைச் சுட்டிக் காட்டும். நாள்தோறும் திரையில் முத்தமிட்ட அந்த வாப்பா, ஒருநாள் பெட்டிகளோடு நேரில் வந்து நின்றபோது, அலறிக் கொண்டு பாட்டியின் பின்னே ஒளிந்தது. அவர் தூக்கினால் கடித்தது. விட்டிருந்த படுக்கை நனைக்கும் வழக்கம் மீண்டும் தொடங்கியது. "என் பிள்ளையைச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று அவர் மனைவியையும் மாமியாரையும் கடிந்தார்; ஒருநாள் குழந்தையின் மீது கையோங்கினார். வீட்டில் மூத்தவரான பாட்டியார் இடைமறித்து, "தம்பி, உங்களுக்கு இது வீடு, அதற்கு நீங்கள் விருந்தாளி. கொஞ்சம் பொறுங்கள்" என்றார்.

அச்சொல் அவரைச் சுட்டது, சிந்திக்கவும் வைத்தது. மறுநாள் முதல் அவர் குழந்தையை அழைக்கவில்லை, தூக்கவில்லை. கூடத்தில் அமர்ந்து, உடைந்து கிடந்த அதன் மரவண்டியைச் செப்பனிடத் தொடங்கினார். முதல் நாள் குழந்தை கதவோரம் நின்று பார்த்தது. மூன்றாம் நாள் ஆணியொன்றை எடுத்துத் தந்தது. அந்த வாரம் முடியுமுன் அவர் முதுகில் ஏறி அமர்ந்தது.

குழந்தையின் இந்நடத்தைக்கு விளக்கம் உண்டு. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பார், மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்து எட்டு நாள் இருந்த இரண்டு வயதுக் குழந்தையைப் படமெடுத்துக் காட்டினார். அவரும் ஜான் பௌல்பி என்னும் மனநல மருத்துவரும் பிரிவுற்ற குழந்தைகளின் நிலையை மூன்று படிகளாக விளக்கினர். முதலில் எதிர்ப்பு, அடுத்து ஏக்கம், இறுதியில் பற்றற்றதுபோன்ற ஒதுக்கம். திரும்பி வந்த பெற்றோரிடம் குழந்தை முகத்தைத் திருப்பிக் கொள்வது அன்பின்மையால் அன்று. அன்பு கொண்டதால் பட்ட புண்ணினால். இக்கருத்து பரவிய பின்னரே, பிரிட்டன் மருத்துவமனைகளில் குழந்தைகளைப் பெற்றோர் தாராளமாகக் காணவும் உடன் தங்கவும் வழி பிறந்தது.

தந்தை மீண்டும் புறப்பட்டுச் சென்ற பிறகு சில கிழமைகள் குழந்தை உணவுத் தட்டை வீசலாம், தாயை அடிக்கலாம். "வாப்பா போனது உனக்கு வருத்தமாக இருக்கிறது, எனக்கும்தான்" என்று சொல்லி அணைத்துக் கொள்வதே அங்கு மருந்து. புறப்படும் செய்தியை மறைத்து, குழந்தை உறங்கும்போது சென்றுவிடுதல் தகாது. விழித்ததும் காணாமற்போன தந்தை, அதன் உறக்கத்தையும் நம்பிக்கையையும் உடன் கொண்டு போய்விடுகின்றார்.

நாமே நீர் வார்க்கும் அடம்

சில அடங்களுக்கு வேர் குழந்தையிடம் இருப்பினும் நீர் வார்ப்பவர் நாமே. பெட்டிக்கடை வாயிலில் மிட்டாய் கேட்டுக் குழந்தை அழுகிறது. தாய் மறுக்கிறாள். குழந்தை தரையில் புரள்கிறது. தெருவார் பார்க்கின்றனர். நாணமுற்ற தாய் வாங்கித் தந்துவிடுகிறாள். அழுகை நின்றது, இருவர்க்கும் நிம்மதி. ஆயினும் இருவரும் ஒரு பாடம் கற்றுள்ளனர். புரண்டால் கிடைக்கும் என்று குழந்தை கற்றது; கொடுத்தால் ஓயும் என்று தாய் கற்றாள். இச்சுழலை அமெரிக்க உளவியலறிஞர் ஜெரால்டு பேட்டர்சன் விரிவாக ஆராய்ந்து 1982இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் குழந்தையின் குரலும் உயர்கிறது; பெற்றோரின் குரலும் உயர்கிறது; இறுதியில் எவர் கடுமையோ அவரே வெல்கின்றார்.

நான்கு முறை மறுத்து ஐந்தாம் முறை கொடுப்பது, முதல் முறையே கொடுப்பதினும் தீது. பி.எஃப். ஸ்கின்னரும் அவர்வழி வந்தோரும் நிகழ்த்திய சோதனைகள், எப்போதும் பயன் தரும் செயலைவிட எப்போதேனும் பயன் தரும் செயலே எளிதில் மறையாது நிலைக்கும் என்று காட்டின. தாய் மறுத்ததைத் தாத்தா மறைவாகக் கொடுக்கும் இல்லங்களில் அடம் நீடிப்பதன் காரணம் இதுவே. பெரியோர்களின் அன்பை நாம் குறை கூறவில்லை. இல்லத்தார் அனைவரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும் என்றே வேண்டுகின்றோம்.

கொடுப்பதை நிறுத்திய தொடக்கத்தில் அழுகை குறையாது, முன்னினும் ஓங்கும். அணையும் விளக்கு ஓங்கி எரிவது போன்றது அது. இதனை முன்னரே அறியாத பெற்றோர், "இம்முறை பயன் இல்லை" என்று கைவிட்டுவிடுகின்றனர். அவ்வேளையில் விட்டுக் கொடுத்தால், இன்னும் ஓங்கி அழ வேண்டும் என்பதையே குழந்தை கற்கும்.

அடி என் செய்யும்?

அடியால் பயனே இல்லையா என்று பெரியோர்கள் வினவலாம். அக்கணத்தில் பயன் உண்டு, குழந்தை நிறுத்திவிடுகிறது. அடிக்கும் வழக்கம் நீங்காமைக்குக் காரணமும் அந்த உடனடிப் பயனே. ஆனால் அடி, என்ன செய்யக் கூடாது என்பதைக் கூறுமேயன்றி, என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறாது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் ஆகியோர் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளை ஒருங்கே நோக்கியது. அடிபட்டு வளர்தல், முரட்டுத்தனம், மனநலக் குறைவு, பெற்றோரோடு உறவு நலிதல் ஆகியவற்றோடு தொடர்புற்றிருப்பதையே அது காட்டியது. நலம் பயப்பதாகக் காட்டவில்லை.

தம்பியை அடித்த அண்ணனை, "அடிப்பாயா? அடிப்பாயா?" என்று கேட்டுக் கொண்டே அடிக்கும் காட்சி நம் இல்லங்களில் புதிதன்று. வலியவர் மெலியவரை அடிக்கலாம் என்பதன்றி வேறெதனை அவன் அங்குக் கற்பான்?

சட்டமும் இது குறித்துத் தெளிவாகவே உள்ளது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உடல்சார் தண்டனை 2003ஆம் ஆண்டு விதித் திருத்தத்தால் தடை செய்யப்பெற்றது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் உடல்சார் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துதலையும் ஒருசேரத் தடுக்கிறது. பிரம்பைக் கீழே வைத்து நாவால் அடிக்கும் ஆசிரியரும் இப்பிரிவுக்குப் புறம்பானவர் அல்லர்.

செய்யத்தக்கன

காரணம் அறிதற்கு எளிய வழியொன்று உண்டு. பழைய பள்ளி ஏடு ஒன்றில் மூன்று பத்திகள் வகுத்துக் கொள்க. முதற்பத்தியில் அடத்திற்குச் சற்றுமுன் நிகழ்ந்தது. இரண்டாவதில் குழந்தை செய்தது. மூன்றாவதில் அதன்பின் நாம் செய்தது. நாள், நேரம், இடம் ஆகியவற்றையும் குறித்துக் கொள்க. இரு கிழமைகள் எழுதிய பின் திரும்பப் படித்தால், எழுதாமல் தெரியாதிருந்த ஒழுங்கு ஒன்று புலப்படும். "எப்போதும் அடம்" என்று நாம் கூறி வந்தது, பள்ளி விட்டு வந்த அரைமணி நேரத்தில் மட்டும் நிகழ்வதாக இருக்கலாம்; கணக்குப் பாட நாள்களின் காலை வேளையில் மட்டும் வயிற்றுவலி வருவதாக இருக்கலாம்.

காரணம் தெரிந்தபின் முன்நிகழ்வை மாற்றுதல் முதற்படி. பசிக்குமுன் உணவு, வெளியே செல்லுமுன் உறக்கம், விளையாட்டை நிறுத்துமுன் "இன்னும் இரண்டு முறை ஊஞ்சல், பிறகு வீடு" என்னும் அறிவிப்பு. கைப்பேசியைத் திடீரெனப் பறிப்பதைவிட, எப்போது தரப்படும், எப்போது வாங்கப்படும் என்பதை முன்னரே உறுதி செய்து அதில் வழுவாது நிற்றல் நன்று.

அடத்திற்கு மாற்றாக ஒரு சொல்லைக் கற்பித்தல் இரண்டாம் படி. "உதவுங்கள்", "போதும்", "என் முறை", "புரியவில்லை" ஆகிய சொற்களைக் குழந்தை அமைதியாக இருக்கும் வேளையில் பழக்குதல் வேண்டும். சினத்தின் உச்சியில் கற்பித்தல் இயலாது. அது சொல்லிக் கேட்டவுடன் நாம் செவிசாய்த்தலும் வேண்டும். மெல்லக் கேட்டபோது கேளாத நாம், கத்திய பின்னர்த் திரும்பிப் பார்த்தால், கத்துவதே மொழி என்று நாமே கற்பித்தவராவோம்.

நற்செயலைக் கண்டு சொல்லுதல் மூன்றாம் படி. "நல்ல பிள்ளை" என்பதினும், "தம்பிக்குப் பந்தைக் கொடுத்தாயே, அது நன்று" என்று செயலைப் பெயரிட்டுப் பாராட்டுதல் பயன் மிகும். நாளொன்றுக்குப் பத்து மணித்துளியேனும், வேறு வேலையின்றிக் குழந்தையின் விளையாட்டில் அதன் விருப்பப்படி கலந்து கொண்டால், கவனத்திற்காகச் செய்யும் குறும்புகள் தாமே குறையும்.

அடம் உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை வேண்டா. அருகிருந்து, தன்னையோ பிறரையோ காயப்படுத்தாமல் காத்து, தாழ்ந்த குரலில் ஓரிரு சொல் பேசினால் போதும். சினம் நம்மையும் பற்றுமாயின், வேறொருவரிடம் குழந்தையை விட்டுச் சற்று அகன்று நிற்றல் தோல்வியன்று. எல்லையை மாற்றாமலே கனிவு காட்ட முடியும்: "மிட்டாய் இப்போது இல்லை, உனக்கு வருத்தம்தான், வா, என் பக்கத்தில் இரு."

வல்லுநர் துணை

இவற்றை முறையாகச் செய்தும் மாற்றம் காணாவிடினும், குழந்தை தன்னைத் தானே காயப்படுத்திக் கொண்டாலும், கற்ற சொற்களை இழந்தாலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிடினும், ஓரிடத்தில் நிலைகொள்ளாத இயக்கம் வீடு, பள்ளி இரண்டிலும் நீடித்தாலும் குழந்தை மருத்துவரை நாடுதல் வேண்டும். செவி, கண், வளர்ச்சி ஆகியவற்றைச் சோதித்தபின் தேவையெனின் மனநல வல்லுநரிடம் அவர் அனுப்புவார். 2013இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ், மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பெற்றுள்ளன. ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. ஆதலின் இவை மறைக்க வேண்டிய குறைகள் அல்ல. கேட்டுப் பெறத்தக்க உரிமைகளுக்கு உரியவை.

திடீரெனத் தோன்றிய மாற்றத்தைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். கலகலப்பாக இருந்த குழந்தை ஒருவரைக் கண்டால் மட்டும் அஞ்சி ஒடுங்குமாயின், ஓரிடத்திற்குச் செல்ல மட்டும் அழுது மறுக்குமாயின், "மரியாதை தெரியவில்லை" என்று அதட்டி அனுப்பற்க. அம்மறுப்பு, எவரோ இழைத்த கொடுமையைச் சொல்லும் ஒரே வழியாகவும் இருக்கலாம். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இத்தகைய வேளையில் உதவும்.

முடிவுரை

அன்று நம்மிடம் பிரம்படி பட்ட சிறுவன், பின்னர் நன்கு படித்தான். நம்மை எங்குக் கண்டாலும் வணங்குவான். அவன் மறந்திருக்கலாம். ஆயினும் அவனைப்போல் காரணம் கேட்கப்படாமலே குறும்பர் எனப் பெயர் பெற்று, பள்ளியை விட்டு நீங்கியவர் நம் ஒவ்வொருவர் வகுப்பிலும் இருந்திருப்பர். அவர்களைத் திரும்ப அழைத்தல் இயலாது. இன்று நம்முன் நிற்கும் குழந்தையைக் கேட்டல் இயலும்.

இம்மலரைப் படிக்கும் மாணவருள் பலர் நாளை ஆசிரியராவர். ஏறத்தாழ அனைவரும் பெற்றோராவர். பெரியோர்களோ இன்றே இல்லங்களில் சொல்லுக்கு மதிப்புடையவர்கள். கையோங்குமுன் ஒரு வினாவை நம்முள் எழுப்பிக் கொள்வோம்: "இக்குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று அன்று, "இக்குழந்தை என்ன சொல்ல வருகிறது?" என்று. வினா மாறினால் கை தானே தாழும். தாழ்ந்த கை அணைக்கும்.